இடது மோட்டார் ஃபுல் ஸ்பீடில் மட்டும் ஓடுது, குறைச்சா நின்னுடுது. க்ரிப்பரும் நடுங்குது. உதவி தேவை

கேட்டவர் (மெக்கட்ரானிக்ஸ், மூணாம் வருஷம்):
வணக்கம். சிம்போசியத்துல பிக் அண்ட் பிளேஸ் போட்டிக்கு ஒரு ரோபோ பண்றோம். ஆர்டுயினோ ஊனோ, எல்298என் டிரைவர் (மோட்டாருக்குக் கரன்ட் குடுக்கற போர்டு), 12 வோல்ட் ஜான்சன் மோட்டார் ரெண்டு, 3எஸ் (மூணு செல்) லிப்போ பேட்டரி, ப்ளூடூத்துக்கு ஹெச்சி-05, முன்னாடி க்ரிப்பருக்கு (கட்டையைப் பிடிக்கற கை) ஒரு எம்ஜி995 சர்வோ மோட்டார்.

ஃபோன்ல ரெண்டு மோட்டாருக்கும் தனித்தனி ஸ்லைடர். ரெண்டையும் முழுசா தள்ளினா ரெண்டு மோட்டாரும் நல்லா ஓடுது. பாதிக்கு இறக்கினா வலது மெதுவாகுது, இடது அப்படியே நின்னுடுது. வண்டி இடது பக்கமாவே வட்டம் போடுது. இடது ஸ்லைடரைத் தொட்டாலே க்ரிப்பர் நடுங்குது. வலது ஸ்லைடரை ஆட்டினா ஒண்ணும் ஆகல.

மோட்டார் ரெண்டையும் இடம் மாத்திப் பார்த்தோம், அப்பவும் இடது பக்கம்தான் நிக்குது. வேற எல்298என் போட்டும் அதேதான். போன வருஷம் சீனியர்ஸ் இதே ப்ரோக்ராம் கோடை வச்சுதான் ஓட்டினாங்க, அவங்களுக்கு இந்தப் பிரச்சினை வரலையாம். யாராவது சொல்லுங்க அண்ணா.

பதில்:
ஜான்சன் மோட்டாருக்கு எல்298என் போட்டா இப்படித்தான் ப்ரோ. ஒரு சேனலுக்கு 2 ஆம்பியர்தான் தாங்கும், வீல் இறுகினா ஜான்சன் அதுக்கு மேல இழுக்கும். அதுக்குள்ளயே ரெண்டு வோல்ட் போயிடும் வேற. பிடிஎஸ்7960ங்கற பெரிய டிரைவருக்கு மாத்துங்க, எல்லாம் சரியாயிடும்.

பதில்:
டிரைவர் சின்னதுங்கறது சரிதான். ஆனா அதனால வர்ற கோளாறுன்னா ஃபுல் ஸ்பீட்லதான் முதல்ல தெரியணும், இங்க ஃபுல்லுல நல்லா ஓடுதே. கிரவுண்ட் எல்லாம் ஒண்ணா சேர்த்திருக்கீங்களா? பேட்டரி மைனஸ், டிரைவர் கிரவுண்ட், ஊனோ கிரவுண்ட் மூணும்? மோட்டார் முனைகளுக்கு நடுவுல 104 கெப்பாசிட்டர் சால்டர் பண்ணியாச்சா?

கேட்டவர்:
கிரவுண்ட் எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு அண்ணா, மீட்டர் வச்சுப் பார்த்தேன். 104 ரெண்டு மோட்டாருக்கும் போட்டாச்சு.

பதில் (லேப் பக்கம் சுத்துறவன்):
தம்பி, வயரைத் தொடாதீங்க இப்போதைக்கு. ரெண்டு விஷயம் மட்டும் சொல்லுங்க. இடது மோட்டாரோட எனேபிள் (டிரைவருக்கு ஸ்பீட் சொல்ற வயர்) ஊனோவுல எந்தப் பின்ல இருக்கு? கோடுல சர்வோ அட்டாச் வரியை (சர்வோவைத் தொடங்கற வரி) மட்டும் கமென்ட் பண்ணிட்டு, அதாவது ஓடாம மறைச்சுட்டு, ஓட்டினா இடது மோட்டார் என்ன பண்ணுது?

கேட்டவர்:
இடது எனேபிள் 9, வலது எனேபிள் 5. சர்வோ 6.
இப்பதான் கமென்ட் பண்ணிப் பார்த்தேன். ரெண்டும் சூப்பரா ஸ்பீட் குறையுது!! ஆனா சர்வோவை 6லதானே போட்டிருக்கேன், 9க்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

பதில் (லேப் பக்கம் சுத்துறவன்):
சம்பந்தம் பின்ல இல்ல, டைமர்ல. ஊனோவுக்குள்ள டைமர் மூணுதான். 5, 6 பின்னுக்கு டைமர் 0. 9, 10க்கு டைமர் 1. 3, 11க்கு டைமர் 2. சர்வோ லைப்ரரி டைமர் 1ஐ முழுசா எடுத்துக்கும், சர்வோ வயரை நீங்க எந்தப் பின்ல சொருகினாலும் சரி. அதனால அட்டாச் ஆன நிமிஷமே 9, 10ல பிடபிள்யூஎம் (பின்னை வேகமா ஆன் ஆஃப் பண்ணி ஸ்பீடைக் குறைக்கற முறை) போச்சு.

ஃபுல்லுல மட்டும் ஏன் ஓடுதுன்னா, அனலாக்ரைட்டுக்கு (ஸ்பீடை 0ல இருந்து 255க்குள்ள குடுக்கற ஃபங்ஷன்) 255 குடுத்தா அது டைமரையே தொடாது, பின்னை நேரா ஹை பண்ணி வச்சுடும். 0 குடுத்தா நேரா லோ. நடுவுல 150ன்னு குடுத்தா டைமர்கிட்ட போகும். டைமர் இப்ப சர்வோவுக்காக வேற மோட்ல எண்ணிட்டிருக்கு. பின்னை ஒரு தடவை லோ பண்ணும், திரும்ப ஹை பண்ண ஆள் இல்ல. மோட்டார் நிக்குது. அதோட, 9ம் பின்னுக்கு குடுக்கற அந்த 150 எந்த ரெஜிஸ்டர்ல (சிப்புக்குள்ள எண் வைக்கற இடம்) எழுதப்படுதோ, அதை வச்சுத்தான் சர்வோ பல்ஸ் எப்ப முடியணும்னு லைப்ரரி கணக்குப் போடுது. நீங்க அதை மேல எழுதினதும் பல்ஸ் நீளம் கெட்டு க்ரிப்பர் உதறுது. வலது 5ல இருக்கு, அது டைமர் 0. வலது ஸ்லைடர்ல ஏன் நடுங்கலன்னு இப்ப புரியுதா?

சீனியர்ஸ் ஓட்டினது ஆர்டுயினோ மெகா போர்டா இருக்கும், கேட்டுப் பாருங்க. அதுல 12 சர்வோ வரைக்கும் 9, 10ல பிடபிள்யூஎம்முக்கு இடைஞ்சல் கிடையாது.

செய்ய வேண்டியது: சர்வோவை 9க்கு மாத்துங்க, இடது எனேபிளை 6க்கு. சர்வோவுக்கு பிடபிள்யூஎம் பின் தேவையே இல்ல. 3லயும் எனேபிள் போடலாம், ஓடும். ஆனா 5 சுமார் 980 ஹெர்ட்ஸ், 3 சுமார் 490. ரெண்டு மோட்டாருக்கும் ரெண்டு ஃப்ரீக்வென்சின்னா மெதுவா போறப்ப ஒரே மாதிரி இழுக்காது, நேர்கோட்டுல போக வைக்கறதுக்குள்ள உயிர் போயிடும். 5, 6 ஜோடிதான் நல்லது. பஸ்ஸர் வைக்கற ஐடியா இருந்தா, டோன் ஃபங்ஷன் டைமர் 2ஐ எடுத்துக்கும், அதையும் ஞாபகத்துல வச்சுக்கோங்க.

முதல்ல பதில் போட்ட தம்பிக்கு: பிடிஎஸ்7960 மாத்தியிருந்தாலும் எனேபிள் 9லயே இருந்தா இதே கதைதான், காசுதான் போயிருக்கும்.

கேட்டவர்:
மாத்திட்டேன் அண்ணா, ரெண்டு வீலும் ஒண்ணா குறையுது! கேட்டேன், அது மெகாதானாம். ரொம்ப நன்றி.
இன்னும் ரெண்டு இருக்கு. ஓட்டிட்டே இருக்கறப்ப க்ரிப்பர் லேசா துடிக்குது, முன்ன மாதிரி இல்ல, லேசாத்தான். கட்டையை இறுக்கிப் பிடிச்சா மொத்த வண்டியும் ஒரு செகண்ட் செத்து திரும்ப உயிர் வருது.

பதில் (லேப் பக்கம் சுத்துறவன்):
துடிப்புக்கு: ஹெச்சி-05ஐ சாஃப்ட்வேர் சீரியல்ல (சாதாரண பின்னை சீரியல் போர்ட்டா ஆக்கற லைப்ரரி) வச்சிருக்கீங்கன்னு நினைக்கறேன். 9600 பாட் வேகத்துல ஒரு பைட் வர்றதுக்கு ஒரு மில்லிசெகண்ட் ஆகும், அவ்வளவு நேரமும் இன்டரப்ட் (ஓடற வேலையை நிறுத்தி அவசர வேலை பார்க்கற வசதி) அடைபட்டிருக்கும். சர்வோ பல்ஸே ஒண்ணு ரெண்டு மில்லிசெகண்ட்தான், அதை முடிச்சு வைக்கறதும் இன்டரப்ட்தான். ப்ளூடூத்தை 0, 1 பின்னுக்கு மாத்துங்க, கோடு அப்லோட் பண்றப்ப மட்டும் கழட்டிடுங்க. ஹெச்சி-05 ஆர்எக்ஸ் கால் 3.3 வோல்ட்தான், ரெண்டு ரெசிஸ்டர் வச்சு வோல்டேஜைப் பிரிச்சுக் குடுங்க.

செத்துப் பிழைக்கறதுக்கு: சர்வோவுக்கு 5 வோல்ட் எங்கிருந்து?

கேட்டவர்:
எல்298என் போர்டுல இருக்கற 5 வோல்ட்ல இருந்து. ஊனோவுக்கும் அதேதான்.

பதில் (லேப் பக்கம் சுத்துறவன்):
அதான். அந்தக் குட்டி ரெகுலேட்டர் அரை ஆம்பியர் வகை. எம்ஜி995 இறுக்கிப் பிடிக்கறப்ப ஒரு ஆம்பியருக்கு மேல கேக்கும், 5 வோல்ட் விழும், ஊனோ ரீசெட் ஆகும். சந்தேகம்னா செட்டப்ல 13ம் பின் எல்ஈடியை மூணு தடவை சிமிட்ட விடுங்க. பிடிக்கறப்ப மறுபடி சிமிட்டினா ரீசெட்தான்.

எல்எம்2596 பக் கன்வெர்ட்டர் (வோல்டேஜ் குறைக்கற போர்டு) ஒண்ணு, பேட்டரியில இருந்து நேரா, சர்வோவுக்கு மட்டும் போடுங்க. கிரவுண்டை மத்ததோட சேர்த்துடுங்க. ரிச்சி தெரு வரைக்கும் போக வேண்டாம், எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலயும் கிடைக்கும். சர்வோவை மாட்டறதுக்கு முன்னாடி ஸ்க்ரூவைத் திருகி மீட்டர்ல 6 வோல்ட் காட்டுதான்னு பாருங்க. புதுசா வர்ற போர்டு எந்த வோல்டேஜ்ல நிக்கும்னு சொல்ல முடியாது, 12 நேரா போனா சர்வோ புகைஞ்சிடும். சர்வோ பக்கத்துல 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒண்ணு.

கேட்டவர்:
ஹாஸ்டல்ல 470தான் இருக்கு அண்ணா, போதுமா?

பதில் (லேப் பக்கம் சுத்துறவன்):
ரெண்டு இருந்தா பேரலல்ல போடுங்க. 16 வோல்ட் இல்லன்னா அதுக்கு மேல எழுதியிருக்கணும், பட்டை போட்ட பக்கம் மைனஸ்.