உதவி: மிக்சரிலிருந்து இன்டர்ஃபேஸுக்குக் கொடுத்தால் சத்தம் உடைகிறது, நாளை காலை மேளம் பதிவு

வைகைக்கரை (இரவு 8.40)
அவசரம். நாளை காலை 9 மணிக்கு எங்கள் ஊர் நையாண்டி மேளக் குழுவைப் பதிவு செய்ய வேண்டும். மைக்கையெல்லாம் மிக்சரில் போட்டு, அங்கிருந்து, ஒலியை லேப்டாப்புக்குள் அனுப்பும் இன்டர்ஃபேஸ் பெட்டிக்குக் கொடுத்தால் லேப்டாப்பில் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வருகிறது. அதுவும் கரகரவென்று உடைந்து வருகிறது. மிக்சரில் ஹெட்போன் போட்டுக் கேட்டால் சுத்தமாக இருக்கிறது. என்ன செய்வது?

கடைசிபெஞ்ச் (8.46)
என்ன மிக்சர்? என்ன இன்டர்ஃபேஸ்? எந்த அவுட்டிலிருந்து எந்த இன்னுக்கு, எந்தக் கேபிளில்? இது தெரியாமல் என்ன சொன்னாலும் ஊகம்தான்.

ஒயர்மேன்72 (8.51)
இது எர்த் பிரச்சினை. மிக்சர் ஒரு பிளக்கில், லேப்டாப் சார்ஜர் வேறு பிளக்கில் இருந்தால் நடுவில் எர்த் சுற்று உண்டாகி இரையும். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்.

கடைசிபெஞ்ச் (8.53)
எர்த் இரைச்சல் என்றால் யாரும் வாசிக்காதபோதும் 50 ஹெர்ட்ஸில் 'ம்ம்'மென்று கேட்டுக்கொண்டே இருக்கும். இவர் உடைகிறது என்கிறார். வேறு விஷயம்.

புதியகாது (8.58)
நான் போகிற இடத்தில் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னைக் கழற்றிவிட்டார்கள். இரைச்சல் நின்றுவிட்டது.

ஒயர்மேன்72 (9.01)
தம்பி, அதை மட்டும் செய்யவே கூடாது. உள்ளே கசிவு வந்தால் மைக்கைப் பிடித்திருப்பவர் கை வழியாகத்தான் மின்சாரம் இறங்கும். இரைச்சல்தான் பிரச்சினை என்றால் ஒலிக் கேபிளின் நடுவில் அந்தச் சுற்றை அறுக்கும் டிஐ பாக்ஸோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரோ போடுங்கள். எர்த்தைத் தொடாதீர்கள்.

ரீல்டேப் (9.05)
மாடல்கூடச் சொல்லாமல் வாரம் ஒருவர் இப்படி வருகிறார். மிக்சர் என்றால் கலக்கும் பெட்டி. ஆறு மைக்கைக் கலந்து இரண்டாக வெளியே விடுவதுதான் அதன் வேலை. கலந்த பிறகு லேப்டாப்பில் தனித்தனியாக வேண்டும் என்பது, குழம்பில் ஊற்றிய புளியைத் திரும்பக் கேட்பது போல. முதலில் மேனுவலைப் படிக்க வேண்டும்.

வைகைக்கரை (9.12)
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். யமஹா எம்ஜி12எக்ஸ்யு, ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 4ஐ4 (மூன்றாம் தலைமுறை). மெயின் அவுட்டிலிருந்து இரண்டு கேனான் (மூன்று பின் எக்ஸ்எல்ஆர்) கேபிள், இன்டர்ஃபேஸின் முன்பக்கம் 1, 2-க்கு. ஆறு மைக்: நாதஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு, பம்பை, தமுக்கு. இன்டர்ஃபேஸில் கெயினை (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவு) முழுக்கக் குறைத்தாலும் குமிழைச் சுற்றியுள்ள விளக்கு வளையம் சிவப்பாகிவிடுகிறது.

புதியகாது (9.15)
அந்த மிக்சரிலேயே யுஎஸ்பி இருக்கிறதே, நேராக லேப்டாப்பில் போடலாமே?

கடைசிபெஞ்ச் (9.31)
போடலாம், ஆனால் அந்த யுஎஸ்பியில் ஸ்டீரியோ மட்டும்தான் போகும். இரண்டு டிராக்குக்கு (தனியாகப் பதிவாகும் ஒலித்தடம்) மேல் கிடைக்காது.

வைகைக்கரை, சிவப்பு வளையம் என்று சொன்னதும் காரணம் தெரிந்துவிட்டது. முன்பக்க ஓட்டையில் கேனானைச் செருகினால் அது மைக்கின் சின்ன ஒலியைப் பெருக்கும் பிரீ ஆம்ப்புக்குள் போகிறது. மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட். மிக்சர் அவுட்டோ +4 டிபியூ, அதாவது 1.23 வோல்ட், தவில் அடி விழுந்தால் அதற்கும் மேலே. தாங்காது, உடையத்தான் செய்யும். அதே ஓட்டையின் நடுவில் பி-38 (கிட்டாரில் செருகுகிற கால் அங்குல) ஜாக்கைச் செருகுங்கள், அது மிக்சரிலிருந்து வருவது போன்ற பலமான ஒலிக்கான லைன் இன்புட் ஆகிவிடும். மிக்சர் மெயினிலும் ஜாக் அவுட் உண்டு. கிட்டாருக்கான இன்ஸ்ட் அமைப்பு அணைந்திருக்கட்டும். இன்டர்ஃபேஸில் மைக்குக்கு மின்சாரம் கொடுக்கும் 48 வோல்ட் போட்டிருந்தால் இப்போதே அணையுங்கள், அந்தக் கேனான் வழியாக மிக்சர் அவுட்டுக்குள் ஏறும்.

அடுத்தது டிராக். ஆறு தனித்தனியாக வராது, ஆனால் நான்கு வரும். இந்த மிக்சரில் மெயினோடு, சில மைக்கை மட்டும் தனியாக வெளியே விடும் குரூப் 1, 2 அவுட்டும் இருக்கிறது. 4ஐ4-இன் பின்பக்கம் 3, 4 லைன் இன்புட் சும்மா கிடக்கிறது. இரண்டு தவிலுக்கும் ஸ்டீரியோ பட்டனை மட்டும் அழுத்தி, ஒன்றை முழு இடதுக்கும் மற்றதை முழு வலதுக்கும் பேன் குமிழால் திருப்புங்கள். நாதஸ்வரம் இரண்டுக்கும் ஸ்டீரியோ பட்டனை எடுத்துவிட்டு 1-2 பட்டன், பேன் முழு இடது. குரூப் 1-இல் வரும். பம்பையும் தமுக்கும் அதேபோல், பேன் முழு வலது, குரூப் 2. குரூப்பை மெயினில் சேர்க்கும் பட்டன் அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பவும் குழம்புதான். 3, 4-க்கு இன்டர்ஃபேஸில் கெயின் குமிழ் கிடையாது, மிக்சரில் மேலும் கீழும் தள்ளும் ஃபேடரிலேயே அளவு வைக்க வேண்டும். உரக்க அடிக்கும் இடத்தில் லேப்டாப்பில் -12 டெசிபல் பக்கம் நின்றால் போதும்.

ரீல்டேப் (9.40)
இத்தனை சுற்று எதற்கு? ஒரே முற்றத்தில் இரண்டு தவில் அடித்தால் எல்லா மைக்கிலும் தவில்தான் இருக்கும். தனி டிராக் என்பது பெயருக்குத்தான். கேசட் காலத்தில் இரண்டு மைக்கை முன்னால் வைத்து, ஆட்களைத் தள்ளித் தள்ளி நிற்க வைத்துதான் எடுத்தோம். நாதஸ்வரம் முன்னே, தவில் பத்தடி பின்னே. சமன் அங்கேயே வந்துவிடும்.

சீவாளி (9.52)
ஐயா, நான் வாசிக்கிறவன். நையாண்டி மேளத்தில் எங்களைப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னால் வாசிப்பே வராது. தவில்காரர் முகம் பார்த்துத்தான் அடுத்த நடைக்குப் போகிறோம். இன்னொன்று, எல்லாரும் மைக்கை அணசுக்கு (நாதஸ்வரத்தின் விரிந்த வாய்) நேராக நீட்டுகிறார்கள். நாதம் விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. இரண்டடி விலகி, உலவின் (துளைகள் உள்ள குழல்) நடுப்பகுதியைப் பார்த்து வையுங்கள், சீறல் குறையும்.

ரீல்டேப் (9.58)
வாசிப்பவருக்கு வசதி, கேட்பவருக்கு இரைச்சல். தவிலுக்கு ஒரு மைக் என்றால் வலந்தலையா (வலது முகம்), தொப்பியா (இடது முகம்)? எதை விடுவீர்கள்?

சீவாளி (10.04)
எதையும் விட வேண்டாம். முன்னால் நடுவில் வைத்தால் விரலில் கூடு போட்டு வலந்தலையில் அடிக்கும் கூட்டுச் சொல்லும், தொப்பியில் விழும் கழியடியும் இரண்டும் விழும். ஒட்டி வைத்தால்தான் ஒருபக்கமாகும்.

கடைசிபெஞ்ச் (10.07)
ஒரு மைக் தன் வாத்தியத்துக்கு ஓரடியில் இருந்தால் பக்கத்து மைக் மூன்றடியாவது தள்ளி இருக்கட்டும். கலப்பு முழுதாகப் போகாது, குறையும். ரீல்டேப் ஐயா சொல்கிற இரண்டு மைக் முறையும் நல்லதுதான், ஆனால் விடிந்தால் பதிவு, முற்றத்தில் நின்று சோதிக்க இவருக்கு நேரமில்லை.

வைகைக்கரை (10.15)
பி-38 ஸ்டீரியோ கேபிள் இல்லை, கடை மூடிவிட்டார்கள். கிட்டார் மோனோ கேபிள் நான்கு இருக்கிறது. ஆகுமா?

கடைசிபெஞ்ச் (10.17)
ஆகும். நீளம் குறைவாக இருக்கட்டும், சார்ஜர் ஒயரோடு சேர்த்துச் சுருட்டாதீர்கள்.

ஒயர்மேன்72 (10.19)
மோனோ என்றால் இரைச்சல் வர வாய்ப்பு உண்டு. அப்போது நான் முதலில் சொன்னதைச் செய்யுங்கள், சார்ஜரைக் கழற்றுங்கள்.

வைகைக்கரை (மறுநாள், மதியம் 2.20)
நான்கு டிராக்கும் வந்தது, உடையவில்லை. லேசாக இரைந்தது, சார்ஜரைக் கழற்றியதும் நின்றது. நாதஸ்வரம் சீவாளி அண்ணன் சொன்னபடி வைத்தேன். குழு சாப்பிடுகிறது, அப்புறம் எழுதுகிறேன்.

சீவாளி (2.31)
தவில் மைக் எங்கே வைத்தீர்கள்?