நோர்வூட்டில் இருந்து கண்டி போய்வர டீசல் வேனா, பெற்றோல் காரா?

நோர்வூட் வாத்தியார்:

வணக்கம். நான் நோர்வூட்டில் இருக்கிறேன், ஹட்டனில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். இவ்வளவு நாளும் பஸ்ஸில்தான் போய்வந்தேன். இப்போது அப்பாவுக்கு மாதம் இரண்டு தடவை கண்டியில் கிளினிக். அவருக்கு வலது முழங்கால் மடங்காது. பஸ்ஸில் ஏற்றி இறக்குவதற்குள் அவரும் அழுகிற நிலைக்கு வந்துவிடுகிறார், நானும். அதனால் சீட்டுக் காசை எடுத்து ஒரு பழைய வாகனம் வாங்கலாம் என்று இருக்கிறேன். வீட்டில் ஆறு பேர்.

இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று லைட் ஏஸ் வேன், 2சி டீசல் எஞ்சின். மற்றது 800 சிசி ஆல்ட்டோ, பெற்றோல். தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் "மலைக்கு டீசல்தான்" என்கிறார்கள். ஏன் என்றால் "டீசல் மலிவு" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. அது மட்டும்தான் காரணமா? ஓட்டிப் பழகினவர்கள் சொல்லுங்கள்.

கொட்டகலை தம்பி:

சேர், நான் நாலு வருஷமாக ஆல்ட்டோ ஓட்டுகிறேன். மலையிலேயே லீற்றருக்கு 15 கிலோமீற்றர் தருகிறது, சர்வீஸ் செலவும் குறைவு. ஆனால் ஆறு பேர் அதில் போக முடியாது. அதை மட்டும் யோசியுங்கள்.

தலவாக்கலை டிரைவர்:

சேர், 27 வருஷமாக டீசல் வாகனம்தான் ஓட்டுகிறேன். முதலில் கந்தப்பளையில் இருந்து தம்புள்ளைக்கு மரக்கறி லொறி. இப்போது சொந்தமாக ஒரு லைட் ஏஸ், நீங்கள் பார்த்த அதே 2சி.

மலிவு என்பது ஒரு காலத்து நியாயம். 2021 ஜூனில் விலை கூட்டினபோது 92 பெற்றோல் 157 ரூபா, டீசல் 111. அப்போது டீசல் வைத்திருந்தவன் பிழைத்தான். அடுத்த வருஷம் ஜூன் கடைசியில் பெற்றோல் 470, டீசல் 460. பத்து ரூபாதான் வித்தியாசம். அதற்குப் பிறகு யார் என்னிடம் கேட்டாலும், விலையை நம்பி டீசல் எடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

எங்கள் ஆட்கள் டீசலை விடாததற்குக் காரணம் இழுவை. கண்டியில் இருந்து திரும்பும்போது கினிகத்தேனையில் இருந்து கரோலினா, வட்டவளை என்று ஹட்டன் வரைக்கும் ஏற்றம்தானே. வட்டவளை நாட்டிலேயே அதிகம் மழை பெய்கிற இடங்களில் ஒன்று. மழை பிடித்தால் முன்னால் போகிற லொறியின் பின் லைட் மட்டும்தான் தெரியும். அந்த லொறி வளைவில் நின்றால் நீங்களும் நிற்க வேண்டும். உள்ளே ஆறு பேர், சாமான் வேறு. மறுபடி எடுக்கும்போது டீசலில் கிளச்சை மெல்ல விட்டு லேசாக மிதித்தால் வண்டி நகர்ந்துவிடும். சின்னப் பெற்றோல் எஞ்சினுக்கு 3000, 3500 சுற்று வந்தால்தான் பலம் வரும். அதற்காக எஞ்சினை அலறவிட்டு, கிளச்சைப் பாதியில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கிளச் கருகுகிற வாசம் அந்த ரோட்டில் ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும்.

டீசலில் பிளக் நெருப்பு கிடையாது. காற்றை மட்டும் இழுத்து நெருக்கும். பெற்றோல் எஞ்சின் பத்து மடங்கு நெருக்கினால் 2சி இருபது மடங்குக்கு மேல் நெருக்கும். அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். அதோடு ஒரு லீற்றர் டீசலில் பெற்றோலைவிடப் பத்து வீதமளவு சக்தி கூட. பாரம் ஏற்றி மெதுவாக ஏறுகிற வேலைக்கு அது பொருந்துகிறது.

ஆனால் 2சியில் டர்போ, அதாவது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிற சாமான், இல்லை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் டீசலோ பெற்றோலோ சோரத்தான் செய்யும். இறம்பொடை ஏறும்போது பின்னால் கரும்புகை வருகிறதே, காற்றுப் போதாமல் டீசல் முழுதாக எரியாததால் வருகிறது.

இன்னொரு பேச்சும் உண்டு, டீசல் இறக்கத்தில் நன்றாகப் பிடிக்கும் என்று. அதை நம்பாதீர்கள். பெற்றோல் எஞ்சினில் காலை எடுத்தால் காற்று வழி மூடிக்கொள்ளும், அந்த உறிஞ்சல் வண்டியைப் பிடிக்கும். பழைய டீசல்களில் பெரும்பாலும் அப்படி மூடுவதில்லை. அதனால்தான் லொறிகளுக்குப் புகை போகிற வழியை அடைத்து வண்டியைப் பிடிக்கிற எக்ஸோஸ்ட் பிரேக் தனியாக இருக்கிறது. நானும் லொறிப் பழக்கத்தில் 2009இல் இறம்பொடையில் வேனை மூன்றாம் கியரில் விட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினேன். பாதி வழியில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. மண்மேட்டில் உரசித்தான் நிறுத்தினேன். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ளே. சேர், அப்பாவை ஏற்றிக்கொண்டு போகப் போகிறீர்கள். எந்த கியரில் ஏறுகிறீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

இனி அந்த வேன். 2சிக்கு ஹெட்தான், அதாவது எஞ்சினின் மேல் பகுதிதான், பலவீனம். சூடு மீறினால் ஹெட்டில் வெடிப்பு விழுந்துவிடும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய், ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். தண்ணீரில் தொடர்ந்து குமிழி வந்துகொண்டே இருந்தால், வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்குகிற ஹீட்டர் பிளக்கின் லைட் அணைந்ததும் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆக வேண்டும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு கேளுங்கள்.

லைட் ஏஸின் முன் சீட் சில்லுக்கு மேலே இருக்கிறது, அப்பாவால் ஏற முடியாது. பக்கத்துக் கதவால் நடு சீட்டில் ஏற்றிப் பாருங்கள்.

நுவரெலியா அக்கா:

அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனால் புகையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் அம்மாவுக்கு வீசிங். லயத்து வாசலிலேயே காலை ஐந்தரைக்கு வேனை ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிஷம் சூடாக்குவார்கள். மூடுபனி நேரம், புகை மேலே போகாது, வீட்டுக்குள்தான் வரும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012இலேயே சொல்லிவிட்டது. சேர், வேன் எடுத்தால் தயவுசெய்து ரோட்டில் நிறுத்தி ஸ்டார்ட் பண்ணுங்கள். உங்கள் அப்பாவுக்கும் நல்லது.

நோர்வூட் வாத்தியார்:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, எங்கள் வீடும் லயத்துக் கடைசி வீடுதான், கட்டாயம் கவனிக்கிறேன். அண்ணே, ஒரு கேள்வி. தினமும் பாடசாலைக்கும் வேனிலேயே போகலாமா? புது டீசல்களில் ஏதோ ஃபில்டர் அடைக்கும் என்கிறார்களே?

தலவாக்கலை டிரைவர்:

அந்தப் புகை ஃபில்டர் புது டீசல்களில்தான். அது நன்றாகச் சூடேறினால்தான் உள்ளே சேர்ந்த கரி எரியும். கிட்டக் கிட்ட ஓடி நிறுத்தினால் அடைத்துவிடும். 2சியில் அது கிடையாது. ஆனாலும் சேர், பாடசாலைக்கு நீங்கள் தனி ஆள். அதற்கு எதற்கு இரண்டாயிரம் சிசி எஞ்சின்? பஸ்ஸிலேயே போங்கள். வேன் கண்டிக்கும் கோயிலுக்கும் இருக்கட்டும்.

நோர்வூட் வாத்தியார்:

ஞாயிறு காலை ஆறரைக்கே போய்விட்டேன். குமிழி வரவில்லை, ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. பெல்ட் மாற்றின பில் இல்லை, அந்தச் செலவை விலையில் கழிக்கக் கேட்டிருக்கிறேன். அப்பாவைப் பக்கத்துக் கதவால் ஏற்றினோம். நடு சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தவர், இறங்கச் சொன்னபோது இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறேன் என்றார்.

தலவாக்கலை டிரைவர்:

எடுங்கள் சேர். எடுத்ததும் ஒரு சனிக்கிழமை தலவாக்கலைக்குக் கொண்டு வாருங்கள், பெல்ட்டை நானே பக்கத்தில் நின்று மாற்றித் தருகிறேன்.