பால் பிடிக்கும்போது காய்ந்த நெல்லில் சத்து கூடுமா, குறையுமா?

முதுகுளத்தூரான்:
மானாவாரி நெல். புரட்டாசியில் புழுதியில் விதைத்தது, கார்த்திகை பாதி வரை மழை சரியாக இருந்தது, அப்புறம் பால் பிடிக்கிற நேரம் பார்த்து நின்றுவிட்டது, கண்மாயிலும் தண்ணீர் இல்லை. பாதி சாவி (உள்ளே அரிசி பிடிக்காத பதர்), மீதி மணியும் சிறுத்துக் கிடக்கிறது. விற்றால் விலை போகாது, வீட்டுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். மச்சான் "செடி கஷ்டப்பட்டால்தான் மணியில் வைட்டமின் ஏறும்" என்கிறார். அப்பா "சாவியில ஏதுடா சத்து" என்கிறார். சின்னப் பிள்ளை இருக்கிற வீடு, அதனால் கேட்கிறேன்.

கரிசல்காடு:
மச்சான் கேள்விப்பட்டது இலையைப் பற்றியதாக இருக்கும். வாடுகிற பயிரின் இலையில் வைட்டமின் பி1, வைட்டமின் இ எல்லாம் கூடுவது உண்டு, ஆனால் நாம் இலையையா தின்கிறோம்?

மணியில் நடப்பது வேறு. முளையும் தவிட்டுத் தோலும் முதலிலேயே உருவாகிவிடும், மாவு பிறகுதான் உள்ளே நிரம்பும். பி1, பி3, இ மூன்றும் பெரும்பாலும் அந்தத் தோலிலும் முளையிலும்தான். ஆயிரம் மணி 22 கிராம் வரவேண்டியது 17இல் நின்றால் குறைந்த 5 கிராமில் பெரும்பங்கு மாவு. அதனால் 100 கிராம் எடுத்து அளந்தால் வைட்டமின் கொஞ்சம் கூடினதுபோலக் காட்டலாம். அது ஏறியது இல்லை, மாவு குறைந்ததால் வந்த கணக்கு. ஏக்கருக்கு என்று பார்த்தால் நஷ்டம்தான்.

வயல்வெளி:
வைட்டமினை விடுங்கள், துத்தநாகத்தைப் பாருங்கள் அண்ணே. மண்ணில் ஈரம் இருந்தால்தான் அது வேர் வரைக்கும் நகர்ந்து வரும், காய்ந்த மண்ணில் இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். இரும்பும் அப்படித்தான், நெல் வயலில் தண்ணீர் நிற்கும்போது கரைந்து வருவது காய்ந்தால் பூட்டிக்கொள்ளும்.

ரைஸ்மில்காரர்:
வானம் எடுத்ததைவிட மில் எடுப்பது அதிகம் தம்பி. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையில் 100 கிராமுக்கு பி1 தீட்டாத அரிசியில் 0.27 மில்லிகிராம், புழுங்கலில் 0.17, தீட்டிய பச்சரிசியில் 0.05. சிறுத்த நெல்லைப் பச்சையாக அரைத்தால் உடைந்து குருணையாகக் கொட்டும், போதாததற்கு வெள்ளையாக வேண்டும் என்று இன்னொரு தீட்டு. தூற்றிச் சாவியை நீக்கிவிட்டுப் புழுங்க வைத்து அரையுங்கள். வேகும்போது பி1 மணிக்குள்ளே இறங்கிவிடும், மணியும் இறுகும், உடையாது.

முதுகுளத்தூரான்:
சரி, புழுங்க வைத்தே அரைக்கிறேன். போன வருஷம் தீட்டாமல் அரைத்து வைத்த அரிசியில் ஒரு மாதத்திலேயே சிக்கு வாடை வந்து பிள்ளை தொடவில்லை, அதற்கு என்ன வழி?

ரைஸ்மில்காரர்:
தவிட்டில் இருக்கிற எண்ணெய் கெட்டுப்போவதால் வருவது அது. மொத்தமாக அரைக்காதீர்கள். புழுங்கிக் காயவைத்த நெல்லாகவே மூட்டையில் இருக்கட்டும், பதினைந்து நாளைக்கு ஆவதை மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வீட்டில் சொல்லுங்கள், அரிசியை நாலு தண்ணீர் கழுவி, சோற்றையும் வடித்துக் கஞ்சியைக் கொட்டினால் மிச்சமிருந்த பி1உம் அதோடு போய்விடும்.