அக்கா பையன் கர்நாடக சங்கீத வர்ணம் எழுதுகிறான், யாரிடம் கொடுப்பது?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அக்கா பையன் பாலக்காடு செம்பை நினைவு இசைக் கல்லூரியில் வாய்ப்பாட்டு படிக்கிறான். நாட்டக்குறிஞ்சி ராகத்தில் ஆதி தாள வர்ணம் (கச்சேரியில் முதலில் பாடுகிற உருப்படி) ஒன்று போட்டிருக்கிறான், சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், தமிழில். காட்டினால் எல்லோரும் "முதலில் கச்சேரி பாடட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள். இந்த வயசில் இயற்றக் கூடாதா?

சித்தூர் ரசிகை:
ஏன் கூடாது? திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் 1813இல் பிறந்து 1846இல் போய்விட்டார். நவராத்திரிக் கீர்த்தனைகள் ஒன்பதும் சேர்த்து எல்லாமே 33 வயதுக்குள்தான். ஆனால் அவர் ராஜா, தஞ்சாவூர் வடிவேலு மாதிரி வித்வான் சபையிலேயே இருந்தார், நம்ம வீட்டுப் பையனுக்கு அந்தக் கொடுப்பினை ஏது!

கல்பாத்தி மாமா:
தம்பி, சபாக்காரர்கள் பின்னால் அலையாதீர்கள். ஸ்வரக்குறிப்பைத் தாளத்தோடு சுத்தமாக எழுதி ஒரு பரதநாட்டிய ஆசிரியரிடம் கொடுங்கள், அரங்கேற்றத்துக்குப் புதுசாக ஒரு வர்ணமோ தில்லானாவோ தேடுகிறவர்கள் அவர்கள்தான். அதற்கு முன்னால் ஒரு வயலின்காரரை வாசிக்கச் சொல்லி, முக்தாயி ஸ்வரம் (வர்ணத்தின் முதல் பாதியை முடிக்கிற ஸ்வரப் பகுதி) முடிந்து பல்லவி எடுப்பு இயல்பாக வந்து விழுகிறதா என்று பையன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
சரி மாமா. இரண்டாம் பாதியில் வருகிற மூன்றாவது சரண ஸ்வரம் இடிக்கிறது என்று அவனே சொல்கிறான், அதை முதலில் சரி பண்ணச் சொல்கிறேன்.