மூன்று அட்டை, மூன்று வம்சம்: நேரில் சந்தித்தவர்கள் எழுதுங்கள்

ஓய்வு வாத்தியார் (ராமநாதபுரம்):

முப்பது வருடம் பள்ளியில் விலங்கியல் எடுத்தவன் நான். ஒரு அரையாண்டுத் தேர்வில் வளைதசைப்புழுக்களுக்கு, அதாவது மண்புழுவின் கூட்டத்துக்கு, மூன்று எடுத்துக்காட்டு கேட்டிருந்தேன். ஒரு பையன் அட்டை, மரவட்டை, கடல் அட்டை என்று எழுதியிருந்தான். ஒன்றுக்குத்தான் மதிப்பெண் போட்டேன். விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு நேரே வந்து நின்றான். "மூணுலயும் அட்டைன்னு இருக்கே சார்?"

அவனைக் குறை சொல்ல முடியாது. நீளமாக இருந்து மெதுவாக ஊர்ந்தால் நம் ஊரில் அது அட்டை. ஆனால் முதல் அட்டை மண்புழுவுக்குச் சொந்தம். மரவட்டை கணுக்காலி, அதாவது நண்டுக்கும் தேளுக்கும் சொந்தம். கடல் அட்டை முட்தோலி, நட்சத்திர மீனின் கூட்டம். பெயர் வைத்திருக்கும் விலங்கினங்களில் நூற்றுக்கு 95க்கும் மேல் முதுகெலும்பு இல்லாதவைதான். அத்தனையையும் பூச்சி, புழு, அட்டை என்று மூன்று சொல்லில் அடக்கிவிட்டோம்.

இந்த மூன்றில் எதையாவது நேரில் சந்தித்தவர்கள் எழுதுங்கள். பாடப்புத்தகத்தில் இருப்பது எனக்குத் தெரியும். கடி வாங்கிய கதை வேண்டும்.

மலைநடையன் (கோவை):

கடி வாங்கியவன் வந்துவிட்டேன் சார்.

ஆகஸ்ட் மாதம், வால்பாறைப் பக்கம் ஒரு சோலைக்காடு. மழை விட்டு அரை மணி நேரம் இருக்கும். பாதையில் ஒரு இலை நுனியில் கறுப்பு நூல் மாதிரி ஒன்று எழுந்து நின்று ஆடியது. நான் குனிந்து பார்த்ததும் என் முகம் இருக்கும் திசைக்கே திரும்பியது. மூச்சுக்காற்றும் உடம்புச் சூடும் தரையின் அதிர்வும் அதற்கு எட்டிவிடுமாம். பின்பக்க உறிஞ்சியால் இலையைப் பிடித்துக்கொண்டு முன்பக்கத்தை நீட்டித் தேடுகிறது. நடப்பதும் அப்படித்தான்: முன்னால் ஒட்டி, பின்னாலே இழுத்து, ஜாண் போடுவது போல.

நின்று ரசித்தது தப்பு. தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சாக்ஸைக் கழற்றினால் உள்ளே நாலு பேர். கொஞ்சமும் வலிக்கவில்லை. நூலாக ஏறியது திராட்சையாக உப்பியிருந்தது. பதறிப்போய் இழுக்கப் போனேன். அங்கே இலை கிள்ளிக்கொண்டிருந்த ஒரு அம்மா, "பிச்சு எடுக்காதீங்க தம்பி, வாய்ப் பக்கம் நகத்தைக் குடுத்து நெம்புங்க" என்றார். நெம்பினேன், வந்துவிட்டது. ரத்தம்தான் நிற்கவில்லை. அறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் கசிந்துகொண்டே இருந்தது. அதன் எச்சிலில் ரத்தத்தை உறைய விடாத ஒரு பொருள் இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. சித்த மருத்துவத்தில் அட்டை விடுவார்களே, அந்த வைத்தியத்தில் இதற்கும் பங்கு உண்டாம். எனக்கு இலவசமாகவே நடந்துவிட்டது!

ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். கால் கிடையாது, உடம்பு முழுக்க வளையம் வளையம். மண்புழுவை அமுக்கித் தட்டையாக்கியது போல இருந்தது. சார் சொந்தம் என்று சொன்னதும் அதுதான் ஞாபகம் வந்தது.

திண்ணை அம்மா (மயிலாடுதுறை):

எங்கள் பக்கம் மரவட்டையை ரயில் பூச்சி என்றும் சொல்வோம். ஐப்பசி அடைமழையில் கொல்லைப்புறச் சுவர் முழுக்க ரயில்தான். தொட்டால் வட்டமாகச் சுருண்டு விழும். முறத்தில் கூட்டி அள்ளினால் பித்தான் மாதிரி உருளும்.

போன வருஷம் என் பையன், எட்டு வயசு, ஒன்றைப் பிடித்து ஜியாமெட்ரி பாக்ஸில் பூட்டி வைத்துவிட்டான். சாயங்காலம் திறந்தால் டிஞ்சர் வாசனை. அவன் விரல் இரண்டிலும் காவி படிந்திருந்தது. சோப்பு, எலுமிச்சை, புளி எதற்கும் அசையவில்லை, தானாகப் போக ஒரு வாரம் ஆனது. அது கடிக்காது. பயந்தால் உடம்பின் பக்கவாட்டிலிருந்து ஒரு நீரைக் கசியவிடும், அவ்வளவுதான் அதன் ஆயுதம். கண்ணில் பட்டால் எரியும், அதனால் பிள்ளைகள் அதைத் தொட்ட கையோடு கண்ணைக் கசக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதைக் கண்ணாடி டம்ளருக்குள் விட்டு நானும் அவனும் அடியிலிருந்து பார்த்தோம். முன்னால் கொஞ்சம் தவிர, ஒரு வளையத்துக்கு இரண்டு ஜோடிக் கால். எல்லாம் ஒன்றாக எழாமல் வயலில் காற்று போவது போல அலை அலையாக எழுந்தது. அவன் ஆயிரம் கால் என்று எண்ண ஆரம்பித்து எழுபதில் விட்டுவிட்டான். நிஜமாகவே ஆயிரத்தைத் தாண்டியது ஆஸ்திரேலியாவில் பூமிக்கு அடியில் கிடைத்ததாக 2021இல் செய்தி வந்தது, 1,306 கால். எங்கள் வீட்டு ரயிலுக்கு அவ்வளவு பெட்டி இல்லை.

பூரானும் இதே கூட்டம்தானே சார்?

ஓய்வு வாத்தியார்:

கணுக்காலி என்ற வரையில் ஒன்றுதான் அம்மா, குணம் வேறு. மரவட்டை மக்கிய இலையைத் தின்று பிழைக்கும். பூரான் வேட்டைக்காரன். அதற்கு வளையத்துக்கு ஒரே ஜோடிக் கால், முதல் ஜோடி விஷக் கொடுக்காக மாறியிருக்கும். உடம்பும் உருண்டையாக இல்லாமல் தட்டையாக இருக்கும்.

கரைவலை (வேலணை, யாழ்ப்பாணம்):

ஐயா, கடல் அட்டை பற்றி ஒருவரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். இந்தியக் கரையில் 2001இலிருந்து அதைப் பிடிக்கத் தடை. எங்கள் பக்கம் அனுமதிப்பத்திரம் எடுத்துப் பிடிக்கலாம், இப்போது கரையோரம் வலை அடைத்துப் பண்ணையும் வைக்கிறார்கள். வருமானம் என்கிறவர்களும் இருக்கிறார்கள், வலை வீசுகிற இடம் போய்விட்டது என்று சண்டை பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

சின்ன வயதில் அப்பாவோடு வற்றுக்கடலில் இறங்குவேன். ஒரு நாள் பழுப்பு நிறத்தில் தலையணை மாதிரிக் கிடந்த ஒன்றைத் தூக்கினேன். பின்பக்கத்தால் வெள்ளை வெள்ளையாக நூல் பாய்ந்தது, இடியப்பம் பிழிகிற மாதிரி. கையில் ஒட்டினது ஒட்டினதுதான், முழங்கை மயிரோடு சேர்த்துத்தான் உரித்தோம். அப்பா சிரித்துவிட்டு, "அது நூல் அட்டையடா" என்றார். எதிரியைச் சிக்கவைக்கத்தான் அந்த நூல். வேறு சில அட்டைகள் குடலையே வெளியில் தள்ளிவிட்டுப் பிறகு புதிதாக வளர்த்துக்கொள்ளும்.

விலைபோவது வெள்ளை அட்டை. பகலில் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும், பொழுதுபட்டால் மேலே வரும். மண்ணை விழுங்கி, அதிலுள்ள ஊட்டத்தை எடுத்துக்கொண்டு, சுத்தமான மண்ணை நூல் உருண்டைபோல விட்டுக்கொண்டு போகும். பிடித்து அவித்து, மண்ணில் புதைத்து, தோலைத் தேய்த்து, திரும்பவும் அவித்து வெயிலில் காயவைத்தால் இரண்டு கையால் தூக்கினது ஒரு கைக்குள் அடங்கிவிடும். சீனா, சிங்கப்பூர் என்று போகிறது. நாங்கள் ஒருவரும் சாப்பிடுவதில்லை.

ஓய்வு வாத்தியார்:

பிரமாதம் தம்பி. அடுத்த முறை கையில் எடுத்தால் அடிப்பக்கம் பாருங்கள், குட்டிக் குட்டியாகக் குழாய்க்கால் இருக்கும். உள்ளே தண்ணீர் அழுத்தத்தால் நீள்வதும் சுருங்குவதும் முட்தோலிகளின் வித்தை. நட்சத்திர மீனை நிமிர்த்தி நீட்டிப் படுக்கவைத்தால் கடல் அட்டை என்று வகுப்பில் சொல்வேன், ஐந்தைந்தாக அமைந்த உடல் இரண்டுக்கும் பொது. நூல் வந்த அதே வழியாகத்தான் அது தண்ணீரை இழுத்து மூச்சும் விடுகிறது.

அந்தப் பையனிடம் அன்றைக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. கருவில் முதலில் உண்டாகும் துளை, நமக்கும் கடல் அட்டைக்கும் பின்வாசலாகிறது, வாய் அப்புறம்தான் வருகிறது. பரிணாமக் கணக்கில் கடல் அட்டை வால்பாறை அட்டையைவிட நமக்குத்தான் நெருங்கிய சொந்தம்.

மலைநடையன்:

என் ரத்தத்தைக் குடித்தவன் சொந்தமில்லை, இடியப்பம் பிழிந்தவன் சொந்தமா? சரி சார்.

மூன்றாவது மாடி (சென்னை):

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். குளியலறை வடிகால் பக்கம் இப்போது ஒன்று நிற்கிறது. விரல் நீளம், பழுப்பு. மரவட்டை என்றால் துடைப்பத்தால் தள்ளிவிடலாம் என்று பார்க்கிறேன்.

திண்ணை அம்மா:

உருண்டையா தட்டையா? தொட்டால் சுருளுதா?

மூன்றாவது மாடி:

தட்டை. தண்ணீர் ஊற்றினேன், சுருளவில்லை, ஓடியது. வளையத்துக்கு ஒரு ஜோடிதான் தெரிகிறது.

திண்ணை அம்மா:

செருப்பைப் போட்டுக்கிட்டு வெளியே வாங்க முதல்ல.