புக் பேக் கணக்கு போடுகிறார்கள், அதையே மாற்றிக் கேட்டால்?

கணக்கு டீச்சர், பத்தாம் வகுப்பு:

கலங்கரை விளக்கத்தை வைத்து ஏற்றக்கோணக் கணக்கு கேட்டால் என் பிள்ளைகள் மளமளவென்று போட்டுவிடுவார்கள். பள்ளித் தண்ணீர்த் தொட்டியைக் காட்டி, "இதன் உயரம் எவ்வளவு?" என்றால், "மிஸ், கோணம் கொடுக்கலையே" என்பார்கள். பாகைமானி, நூல், ஒரு சின்னக் கல் இருந்தால் கோணத்தை நாமே அளக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது.

எனக்குக் கைகொடுப்பது கலந்து கொடுப்பதுதான். 'பயிற்சி 6.2' என்று மேலே போட்டிருந்தால் எந்த வழி என்று யோசிக்கவே வேண்டியதில்லையே! அதனால் வெள்ளிக்கிழமைகளில் வடிவொத்த முக்கோணம், பிதாகரஸ், முக்கோணவியல் மூன்றிலிருந்தும் எடுத்து, தலைப்பில்லாமல் கொடுக்கிறேன். விடை வேண்டாம். படம் வரை, எந்த வழி, ஏன் என்று சொல். போதும். ஆரம்பத்தில் வகுப்பே முனகும், மதிப்பெண்ணும் கொஞ்சம் இறங்கும். தலைமையாசிரியருக்குப் பதில் சொல்லத் தயாராக இருங்கள்.

ஐடிஐ பயிற்றுநர், எலக்ட்ரீஷியன் பிரிவு:

எங்களிடம் தலைகீழ். பொருந்தாத இடத்திலும் படித்ததைப் பொருத்திவிடுவார்கள். ஓம் விதிப்படி வோல்டேஜ் குறைந்தால் கரண்ட்டும் குறையும். ஹீட்டருக்குச் சரி. அப்படியானால் லைன் கடைசியில் இருக்கும் வயலில், லோ வோல்டேஜில் பம்ப் மோட்டார் ஏன் எரிகிறது?

நான் விளக்கத்தில் ஆரம்பிப்பதில்லை. ஒரு ஹீட்டர், லோடு போட்ட ஒரு மோட்டார், இரண்டையும் வைத்து, "வோல்டேஜைக் கொஞ்சம் குறைக்கப்போகிறேன், அம்மீட்டர் முள் எந்தப் பக்கம் போகும்? நோட்டில் எழுது" என்பேன். எழுதி முடித்த பிறகுதான் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்ஸ்டாட்டில் கை வைப்பேன். ஹீட்டரில் முள் இறங்கும், மோட்டாரில் ஏறும். லோடு மாறாததால் அதே வேலையைச் செய்ய மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கிறது, வைண்டிங் சூடாகிறது. எழுதியது தப்பானவன்தான் அன்றைக்கு அதிகம் கேள்வி கேட்பான்.

அப்புறம் இஸ்திரிப் பெட்டி, ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர், கிரைண்டர் என்று வரிசையாக நீட்டி, ஒவ்வொன்றும் எந்தக் கட்சி என்று பிரிக்கச் சொல்வேன். காரணம் சொல்லாவிட்டால் மார்க் கிடையாது.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர், ஆசிரியர் பயிற்சி:

வெளியில் தெரிந்தது வகுப்புக்குள் வராமல் போவதும் உண்டு. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் வியாபாரம் செய்த ஐந்து பிள்ளைகளை உளவியல் ஆய்வாளர் டெரசினா கராஹர் குழுவினர் ஆராய்ந்து 1985இல் எழுதினார்கள். விற்கும் இடத்திலேயே கேட்ட கணக்குகளில் சுமார் 98 சதவீதம் சரி. அதே கணக்குகளை வெறும் எண்ணாகக் கொடுத்தபோது சுமார் 37தான். ஒன்று 35 குரூசெய்ரோ (அன்றைய பிரேசில் நாணயம்) விலையில் பத்துத் தேங்காய்க்கு எவ்வளவு என்றதற்கு, 12 வயதுப் பையன் மூன்றுக்கு 105, இன்னும் மூன்றுக்கு 210 என்று கூட்டிக்கொண்டே போய் 350 என்றான். பக்கத்தில் பூஜ்யம் போடும் பள்ளி வழியை அவன் தொடவே இல்லை.

சந்தைக்குப் போகும் பிள்ளை நம் வகுப்பிலும் இருக்கும். அது போடும் வழியை முதலில் பலகையில் எழுதவிட்டு, பாடநூல் வழியை அதன் பக்கத்தில் எழுதுங்கள் என்றுதான் பயிற்சிக்கு வந்தவர்களிடம் சொல்வேன்.

கணக்கு டீச்சர்:

சார் சொன்ன ஹீட்டர், மோட்டார் மாதிரி எட்டாம் வகுப்பு விகிதத்தில் ஒன்று இருக்கிறது. 2 சட்டை காய 2 மணி நேரம், 10 சட்டை காய? பாதி வகுப்பு 10 மணி நேரம் என்றது. "கொடியில இடம் இருக்கா மிஸ்?" என்று கேட்டாள் ஒருத்தி.