கேஸ முடிச்சு ஊட்டுக்கு வந்தாலும் மனசு ரோட்டுலயே நிக்குதுங்க

பெருந்துறைக்காரன்:
ஏனுங்க, ரெண்டு வருசமா ஆம்புலன்ஸ்ல இஎம்டியா, அதாவது அடிபட்டவங்களுக்கு மொதலுதவி பண்றவனா இருக்கறனுங்க, சேலம்-கொச்சி ரோடுதான் நம்ம ஏரியா. எத்தனையோ ஆக்சிடென்ட் பாத்தாச்சு, ஒண்ணும் ஆகல. அஞ்சு வாரத்துக்கு முன்னால ஒரு டூவீலர் கேஸ், சின்னப் பையன், ஸ்கூல் பேக் முதுகுலயே கெடந்துச்சு, விடாம நெஞ்ச அமுக்கி சிபிஆர் குடுத்தும் ஆஸ்பத்திரி சேர்றதுக்குள்ள போயிட்டான். அன்னைலருந்து தூக்கமே இல்லீங்க, எம்பையன் பேக்க மாட்டிட்டு வந்து நின்னா நெஞ்சு படபடங்குது. மறுநாளே ஆபீஸ்ல உக்கார வெச்சு "ஒண்ணு விடாம சொல்லு, லேசாயிரும்"னாங்க, சொன்னப்பறந்தான் எச்சாயிருச்சு. எங்க வண்டி ஓட்டற பைலட் அண்ணன் பழகிரும்ங்கறாரு. பழகுமாங்க?

தீயணைப்பு அண்ணன்:
பழகாது தம்பி, பழகுன மாதிரி இருக்கும், அவ்வளவுதான். 2020 பிப்ரவரில அவினாசிகிட்ட பஸ்சும் கண்டெய்னரும் மோதி 19 பேர் போனாங்கல்ல, நானும் அங்க இருந்தேன். அதுக்கப்பறம் கட்டிங் போட்டாத்தான் கண்ணு மூடும்னு ஆயிருச்சு, ஆறு மாசம். அது தூக்கமில்ல தம்பி, மயக்கம், மூணு மணிக்கு டக்குனு முழிப்பு வந்துரும். அந்தப் பக்கம் மட்டும் போயிராத. இப்பெல்லாம் டூட்டி முடிஞ்சா டீமோட ஒரு டீ, கேஸப் பத்தி பேசோணும்னு கூட இல்ல, ஆடு மாடு தண்ணி எதையாவது பேசுவோம்.

கோவை மனநல நர்ஸ்:
தம்பி, சொன்னப்பறம் எச்சாச்சுன்னா அது உங்க தப்பில்லீங்க. 1983ல அமெரிக்காவுல மிட்செல்ங்கறவரு உங்கள மாதிரி ஆளுகளுக்குன்னே கொண்டாந்த மொறை அது, டீப்ரீஃபிங்னு பேரு. அப்பறம் சோதிச்சுப் பாத்ததுல ஒரே ஒரு தடவ உக்கார வெச்சு கிளர்றது பின்னால வர்ற பிடிஎஸ்டிய, அதாவது அதிர்ச்சிக்கப்பறம் விடாம தொரத்தற மனநோவ தடுக்கல, சிலருக்கு கூடத்தான் ஆச்சு, பிரிட்டன்ல 2018லயே வேண்டாம்னு வழிகாட்டுதல் போட்டுட்டாங்க. மொதல் சில வாரம் கனவு, படபடப்பு வர்றது சகஜம், நெறைய பேருக்கு தானா கொறையும். ஒரு மாசந்தாண்டியும் கொறையலன்னா டாக்டரப் பாக்கோணும், உங்களுக்கு அஞ்சு வாரம் ஆச்சுல்ல. அதுக்குன்னே இருக்கற சிகிச்சைக கொஞ்சங் கொஞ்சமா, பல வாரம் எடுத்துப் பண்றது, ஒரு நாள் கூத்து இல்ல. அதுவரைக்கும் ராத்திரி கேக்க ஆள் வேணும்னா 14416னு மனநல உதவி நம்பர் இருக்குது, காசில்ல, தமிழ்லயே பேசுவாங்க.

பல்லடம் அக்கா:
எங்கூட்டுக்காரரும் இதே வேலைதான். ஊட்டுல சொன்னீங்களா தம்பி? எங்கூட்டுல "இன்னைக்கு கேஸ் சரியில்ல"ம்பாரு, அதோட சரி, நான் எதையும் கேக்க மாட்டேன், பசங்களையும் கொஞ்ச நேரம் அக்கட்ட கூட்டிட்டுப் போயிருவேன். சொல்லாம மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு இருந்த காலத்துலதான் சண்டை.

பெருந்துறைக்காரன்:
நேத்து ஊட்டுல சொல்லிட்டனுங்க. திங்கக்கெழம டாக்டர். பொழுதோட பைலட் அண்ணன்கூட டீக்கடைல நின்னேன், நான் வாயே தொறக்கல, அவராவே "அந்தப் பேக்கு நீல கலரு இல்ல?"ன்னாரு.